மூணு தலையணை வெச்சாதான் தூக்கம் வருதா? - ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நின்னுபோறது இல்லைங்க!

'ஹார்ட் ஃபெயிலியர்.'

எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் இந்த வார்த்தையைச் சொன்னதும், பக்கத்தில் நிற்கும் மகனோ மகளோ செய்கிற முதல் வேலை, போனை எடுத்து கூகுள் பண்ணுவது. இரண்டாவது வேலை, ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போய் அழுவது. அவங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபெயிலியர்னா நமக்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சையில் ஃபெயில், பைக்கில் பிரேக் ஃபெயிலியர். தமிழில் தேடினால் இன்னும் மோசம். 'இதயச் செயலிழப்பு' என்று வருகிறது. செயலிழந்துபோன இதயத்தோட அப்பா எப்படி எதிரில் உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கார்?

குடிக்கலாம். ஏன்னா ஹார்ட் ஃபெயிலியரில் இதயம் நிற்பதில்லை. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை பம்ப் செய்ய அது திணறுகிறது. அவ்வளவுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கலாம்.

முதலில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரிச்சுக்கலாம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு வந்து, அந்தப் பகுதித் தசை சாக ஆரம்பிப்பது ஹார்ட் அட்டாக், அதாவது மாரடைப்பு. இதயத் துடிப்பே திடீரென நின்றுபோவது கார்டியாக் அரெஸ்ட். 2016 டிசம்பர் 4 அன்று முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஏற்பட்டதாக அப்போலோ மருத்துவமனை அறிவித்தது இதைத்தான். அன்றைக்கு ராத்திரி நம்மில் பலர் அதை 'மாரடைப்பு' என்றே வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தோம். மூன்றாவதுதான் ஹார்ட் ஃபெயிலியர். முதல் இரண்டும் நிமிஷக் கணக்கு. இது மாசக்கணக்கு, வருஷக்கணக்கு. மெதுவாக வரும், முன்கூட்டியே சேதி சொல்லும். அந்தச் சேதியை 'கேஸ் டிரபிள்', 'வயசாயிடுச்சு', 'வீசிங்' என்று நாம் ஒதுக்கித்தள்ளுவதில்தான் பிரச்னையே ஆரம்பிக்கிறது.

மாதவரம் மழைத்தண்ணி சொல்லும் பாடம்

இந்த நோயைப் புரிந்துகொள்ள மருத்துவப் புத்தகம் தேவையில்லை. மாதவரம், மணலி பக்கம் ஒரு நவம்பர் மாசத்தைக் கழித்திருந்தால் போதும். தெருவில் தேங்கின தண்ணியை மோட்டார் வைத்து இறைப்பார்கள். மோட்டார் நல்லா ஓடினால் தண்ணி வடிந்துவிடும். மோட்டார் சோர்ந்துபோனால் என்ன ஆகும்? முன்னால் போகவேண்டிய தண்ணி குறையும், பின்னால் தண்ணி தேங்கும். அப்புறம் வீட்டுக்குள் ஏறும்.

இதயமும் இப்படித்தான். ஓய்வாக இருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிற மோட்டார் அது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அது பலவீனமானால் முன்பக்கம் ரத்தம் போதாமல் அசதி, தலைச்சுற்றல் வரும். பின்பக்கம் தேக்கம் வரும். எந்தப் பக்கம் பலவீனம் என்பதைப் பொறுத்துத் தேங்கும் இடம் மாறும்.

இடது பக்கத்துக்கு ரத்தம் வருவது நுரையீரலில் இருந்து. அதனால் இடது பக்கம் திணறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும். வலது பக்கத்துக்கு உடம்பின் மற்ற எல்லா இடங்களில் இருந்தும் ரத்தம் வருகிறது. அது திணறினால் கால் வீங்கும், கல்லீரல் வீங்கும், வயிறு உப்பும். பெரும்பாலும் இடது பக்கம் முதலில் பழுதாகி, அந்தச் சுமை பின்னால் ஏறி ஏறி வலது பக்கத்தையும் படுக்கவைக்கும்.

இதில் இன்னொரு கூத்து நடக்கும். ரத்தம் குறைவாக வருவதைப் பார்க்கும் சிறுநீரகம், 'உடம்பில் தண்ணி பத்தலை போல' என்று தப்பாகக் கணக்குப் போட்டு, உப்பையும் தண்ணியையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஏற்கெனவே தெருவில் முழங்கால் அளவு தண்ணி. அதில் ஏரியையும் திறந்துவிட்ட மாதிரி! இதயத்துக்குச் சுமை இன்னும் கூடும். இந்த நோய்க்கான மாத்திரைகளில் முக்கியமான சில, இந்தத் தப்புக் கணக்கை உடைப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றன.

இ.எஃப் 60... ஃபர்ஸ்ட் கிளாஸா?

எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்' என்று ஒரு நம்பர் இருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'அப்பாவுக்கு 55-தானாம், பாஸ் மார்க்தான்' என்று கவலைப்படுபவர்கள் உண்டு. இது நூற்றுக்குப் போடும் மார்க் இல்லைங்க. இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்பினால், ஒரு துடிப்பில் அதில் எவ்வளவு வெளியே போகிறது என்பதே இ.எஃப். யாருக்குமே 100 வராது. 50-லிருந்து 70 வரை இருந்தால் நார்மல்.

40-ம் அதற்குக் கீழேயும் இருந்தால், அழுத்தித் தள்ளும் சக்தி குறைந்த வகை. இதயம் பெருத்து, தொளதொளவென்று ஆகியிருக்கும். 41-லிருந்து 49 வரை நடுவாந்தர வகை. இன்னொரு வகைதான் ஆளை ஏமாற்றுவது. இ.எஃப் 50-க்கு மேல் இருக்கும், ரிப்போர்ட் பார்க்க நல்லாவே தெரியும், ஆனால் ஆளுக்கு மூச்சு வாங்கும். இங்கே பிரச்னை தள்ளுவதில் இல்லை, நிரம்புவதில். தசை விறைத்துப்போய், சரியாக விரிய முடியாமல், உள்ளே வரும் ரத்தமே குறைவு. பல வருஷ பி.பி, சுகர், உடல் பருமன் உள்ளவர்கள், வயதான பெண்கள் இவர்களிடம் இந்த வகை அதிகம். 'அம்மாவுக்கு எக்கோ நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்குது' என்றால், விஷயத்தை அதோட விட்டுடாதீங்க. இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடுகிற ஒரு பொருளை அளக்கும் பி.என்.பி என்ற பரிசோதனை இருக்கிறது. அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க.

தலையணையை எண்ணுங்க

அறிகுறிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது தலையணைதான். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் சரியாகும். நிற்கும்போது காலில் தேங்கியிருந்த நீர், படுத்ததும் மேலே ஏறி நுரையீரல் பக்கம் வருவதுதான் காரணம். அதனால் மனுஷன் தன்னையறியாமலே ஒரு தலையணையை இரண்டாக்குவார், இரண்டை மூணாக்குவார், கடைசியில் சுவரில் சாய்ந்து தூங்குவார். 'அவருக்கு அப்படித்தான் தூக்கம் வரும்' என்று வீட்டில் சகஜமாகச் சொல்வார்கள்.

அடுத்தது நள்ளிரவு விழிப்பு. நல்லாத் தூங்கிட்டு இருந்தவர், ஒண்ணு ரெண்டு மணிக்குத் திடுக்கென எழுந்து, ஜன்னலைத் திறந்து காற்றை இழுப்பார். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். காலையில் கேட்டால் 'கேஸு' என்பார். ராத்திரி மட்டும் வருகிற வறட்டு இருமலும் இதே கதையாக இருக்கலாம். இதைத்தான் பல பேர் வீசிங் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அந்த மாத்திரை ஸ்டீராய்டாக இருந்துவிட்டால், உடம்பில் இன்னும் தண்ணி சேரும்.

கால் வீக்கத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. கணுக்காலுக்கு மேலே, முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்க. பள்ளம் விழுந்து, அது மெதுவாக நிரம்பினால் அங்கே நீர் கோத்திருக்கிறது. சாயங்காலம் செருப்பு இறுக்குவது, சாக்ஸ் கழற்றினால் ஆழமான தடம் தெரிவது எல்லாம் அதே கணக்குதான். கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு (சிறுநீரகம், கல்லீரல், நரம்புச்சுருட்டல், சில பி.பி மாத்திரைகள்). அதனால் பள்ளம் விழுந்ததும் பதறவேண்டாம், டாக்டரிடம் போங்க.

குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது மூச்சு திணறுவது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுவது, ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் போவது, போன மாசம் வரைக்கும் நிற்காமல் ஏறிய மூணாவது மாடிக்கு இப்போது நடுவில் நின்று ஏறுவது... இவையும் கணக்கில் வரும். இரண்டே நாளில், மூணு நாளில் எடை 2 கிலோ கூடினால் அது கொழுப்பு இல்லை, தண்ணி. மூச்சு வாங்கி உட்காரவே முடியாமல், இளஞ்சிவப்பாக நுரையோடு சளி வந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காதீங்க, 108.

வடசென்னைக்காரங்க இதயத்தை எது சோர்வாக்குது?

இந்தியாவில் முதல் காரணம், ஏற்கெனவே வந்த மாரடைப்பும் ரத்தக்குழாய் அடைப்பும். செத்துப்போன தசை திரும்ப வளராது. மிச்சமிருக்கும் தசை இரண்டு ஆள் வேலையைப் பார்த்துப் பார்த்துத் தேயும். மாரடைப்பில் 'ஒரு மணி நேரத்துக்குள்ள வாங்க' என்று டாக்டர்கள் கத்துவது அன்றைக்கு உயிர் பிழைக்க மட்டுமில்லை, ஐந்து வருஷம் கழித்து ஹார்ட் ஃபெயிலியர் வராமல் இருக்கவும்தான். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாரடைப்பு மாத்திரைகளைக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் எந்த சுகாதார நிலையம் இருக்கு என்பதை இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

அடுத்தது பி.பி, சுகர். ஜி.என்.டி ரோட்டில் மாதவரம் லாரி டெர்மினல் பக்கம் நிற்கிற டிரைவர்களின் வாழ்க்கையை யோசித்துப் பாருங்க. ராத்திரித் தூக்கம் கிடையாது, வேளை தவறிய ஹோட்டல் சாப்பாடு, பீடி, எப்போதாவது பார்த்தால் 160-ல் நிற்கிற பி.பி. தலைவலி இல்லாததால் மாத்திரையும் இல்லை. ரத்தக்குழாயில் அழுத்தம் கூடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மூடின கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளவேண்டியிருக்கு. ஜிம்முக்குப் போனால் கை தடிக்கிற மாதிரி இதயத் தசையும் தடிக்கும். ஆனால் இதயம் தடிப்பது பலம் இல்லை, விறைப்பு.

வாதக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. நெருக்கமான வீடுகளில் வாழும் குழந்தைகளுக்கு வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில வாரம் கழித்து மூட்டு வலியோடு வந்து, சத்தமில்லாமல் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். இருபது, முப்பது வயதில், பெண்களுக்கு முதல் பிரசவ சமயத்தில், அந்த வால்வு கோளாறு மூச்சுத்திணறலாக வெளியே வரும். மூணு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொன்னால், அதை நிறுத்தாமல் போடுவதுதான் பாதுகாப்பு.

வால்வெல்லாம் நல்லா இருக்கும் பெண்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவம் முடிந்த சில மாதங்களிலோ இதயத் தசை திடீரெனப் பலவீனமாகலாம். கைக்குழந்தைக்காரிக்கு அசதி, மூச்சு வாங்கல், கால் வீக்கம் என்றால், 'பிள்ளை பெத்தவ உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று பாட்டிகள் சொல்வார்கள். படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் பாட்டி பேச்சைக் கேட்காதீங்க.

அதிகக் குடி இதயத் தசையை நேரடியாகக் கெடுக்கும். வைரஸ் காய்ச்சல், சில கேன்சர் மருந்துகள், தைராய்டு, கடுமையான ரத்தசோகை எல்லாமே பட்டியலில் உண்டு. மரபணுவும் உண்டு. மதுரை, ஹைதராபாத் ஆய்வாளர்கள் பங்கேற்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவிகிதம் பேரிடம் இருப்பதாகச் சொன்னது. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வராது, ஆனால் வாய்ப்பு கூடும். குடும்பத்தில் யாராவது இளம்வயதில் இதயப் பிரச்னையால் இறந்திருந்தால் டாக்டரிடம் அதை மறைக்காதீங்க.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, காற்று. மாதவரத்துக்குக் கிழக்கே மணலி. கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்ட பட்டியலில் மணலியும் இருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கட்டுரைப்படி, காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், ஹார்ட் ஃபெயிலியரால் ஆஸ்பத்திரியில் சேருவதும் இறப்பதும் சுமார் 2 சதவிகிதம் கூடுகிறது. ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்கள் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் ரோட்டோரத்தில் வாக்கிங் போவதைவிட, மாதவரம் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் போவது நல்லது.

நல்லாயிட்டேன்னு மாத்திரையை நிறுத்தினா..?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-ல் 18 ஆஸ்பத்திரிகளில் ஹார்ட் ஃபெயிலியரோடு சேர்ந்த 1,205 பேரை டாக்டர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. ஒரே வருஷத்தில் பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். ஐந்து வருஷத்தில் 59 சதவிகிதம். பல கேன்சர்களைவிட மோசமான கணக்கு இது. இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. பம்ப் சக்தி குறைந்தவர்களில், கொடுக்கவேண்டிய மருந்துகள் அத்தனையும் எழுதப்பட்டு டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 25 சதவிகிதம்தான். அந்த மருந்துகளைச் சரியாகப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள்.

மருந்துகள் நாலு குடும்பம். எனலாப்ரில் மாதிரியானவை அல்லது அதன் புது வாரிசுகள், மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பை நிதானமாக்குபவை, ஸ்பைரோனோலாக்டோன், அப்புறம் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை. கடைசியாகச் சொன்னது சுகர் மாத்திரையாக வந்தது. சுகர் இல்லாதவர்களுக்கும் இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று 2019-ல் தெரியவந்தது. அதனால் 'எனக்கு சுகரே இல்லை, டாக்டர் தப்பா எழுதிட்டார்' என்று அதைத் தூக்கிப் போடாதீங்க. இவற்றோடு, தேங்கின நீரை வெளியேற்ற சிறுநீர் போகவைக்கும் மாத்திரையும் இருக்கும். ஆள் சட்டென நல்லாயிட்ட மாதிரி உணர்வது பெரும்பாலும் இதனால்தான். ஆயுளை நீட்டுவது அந்த மத்த மாத்திரைகள். அவை செய்யும் வேலை வெளியே தெரியாது. தெரியாததாலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று லண்டனில் சோதித்தே பார்த்தார்கள். இதயம் பெருத்து, சிகிச்சையில் முழுசாகத் தேறிய 51 பேர். அறிகுறி இல்லை, இ.எஃப் நார்மல். டாக்டர் கண்காணிப்பிலேயே 25 பேருக்கு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. மாத்திரையைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. 2018-ல் வெளியான இந்த ஆய்வை, 'ஒரு கோர்ஸ் முடிஞ்சிடுச்சுல்ல?' என்று கேட்கிற ஒவ்வொரு மாமாவுக்கும் அனுப்பலாம்.

வறட்டு இருமல், தலைச்சுற்றல், ஆண்களுக்கு மார்பு வலி என்று பக்கவிளைவுகள் வரலாம். எல்லாவற்றுக்கும் மாற்று மாத்திரை இருக்கு. தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

கருவாடும் கால்வலி மாத்திரையும்

மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர்கள், நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண்கள்... இவர்கள் ராத்திரி வீட்டுக்கு வரும்போது மெடிக்கல் ஷாப்பில் ஒரு 'செட்' மாத்திரை வாங்குவது சகஜம். அதில் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரை இருக்கும். இவை சிறுநீரகத்தை உப்பையும் தண்ணியையும் பிடித்துவைக்கச் செய்யும். நல்லா இருந்த ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி ஒரே வாரத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வலிக்கு எதைப் போடலாம் என்று டாக்டரிடமே கேட்டு வெச்சுக்கோங்க. வாயுவுக்குத் தண்ணியில் கலந்தால் பொங்கும் உப்புப் பொடியிலும் சோடியம்தான்.

உப்பு, உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரு டீஸ்பூன். குழம்பில் உப்பைக் குறைச்சுட்டு, காசிமேட்டுக் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் தட்டில் இருந்தால் கணக்கு எங்கேயோ போயிடும். கருவாட்டை ரொம்ப நேரம் ஊறவெச்சுக் கழுவிட்டா போதாதான்னு கேட்பீங்க. உப்பு குறையும், போகாது. வடசென்னையில் இதைச் சொல்வது பாவம்தான், வேற வழியில்லை. அதேபோல, 'லோ சோடியம்' உப்பையும் இளநீரையும் நல்லதென்று நினைத்து நீங்களாக ஆரம்பிக்காதீங்க. இரண்டிலும் பொட்டாசியம் இருக்கு. மேலே சொன்ன சில மாத்திரைகளோடு சேர்ந்தால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த அளவை டாக்டர்தான் சொல்லணும்.

கடைசிக் கட்டத்திலும் வழி இருக்கு

மாத்திரைக்கு மேலேயும் சிகிச்சைகள் உண்டு. அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது எங்கே தெரியுமா? மாதவரத்துக்குப் பக்கத்தில்தான். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975-ல், டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். இரண்டு பக்கமும் ஒத்திசைவாகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர்கள் இருக்கின்றன. எதுவும் முடியாத நிலையில் மாற்று இதயம். 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இதயத்தை, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் போலீஸ் கொண்டுசேர்த்ததை மறந்திருக்க மாட்டீங்க. 'சென்னையில் ஒரு நாள்' படத்தின் பின்னால் இருக்கும் கதை அதுதான். அந்த இதயம் போய்ச் சேர்ந்தது, டாக்டர் செரியனின் ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு.

ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது அந்த அளவுக்கு இல்லை. ஒரு எடை மெஷின், ஒரு நோட்டு, தவறாத மாத்திரை. காலையில் எழுந்து சிறுநீர் போனதும், சாப்பிடும் முன்னால், தினமும் எடை பார்த்து எழுதுங்க. மாதவரத்துக்காரங்க ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கிற ஸ்டான்லிக்குப் போகலாம். 2025 பிப்ரவரியில் கொளத்தூரில் திறந்த பெரியார் அரசு ஆஸ்பத்திரி இன்னும் பக்கம். பி.பி, சுகர் மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஓ.பி-க்குப் போகும்போது அந்த நோட்டையும், பழைய எக்கோ ரிப்போர்ட்டையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்க. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கின வலி மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சூரணம், ஆன்லைனில் வாங்கின பவுடர் எல்லாவற்றையும்தான். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்பதை டாக்டர் கேட்கும் முன்னாலேயே சொல்லிடுங்க.